ஊர்க்காரியம் யார் கையில்?



கிராமப்புற மக்களுக்கு ஊராட்சியால் என்ன பயன் என்பது இந்த அறக்கட்டளைக் கூட்டத்தில் எனக்குத் தரப்பட்ட பொருள். நாம் கூடியிருக்கும் பத்துமலை இன்று கிராமம் இல்லை என்பது உண்மைதான். மின்ரயில் வாசல்வரை வருகிறது, நெடுஞ்சாலை பக்கத்தில் ஓடுகிறது. ஆனால் இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தோட்டத்தில் பிறந்த தாயோ தகப்பனோ இருப்பார்கள். நாம் கிராமத்திலிருந்து வந்தவர்கள். வந்த கிராமத்திலும் ஊர்க்காரியம் நம் கையில் இருந்ததில்லை, வந்து சேர்ந்த நகரத்திலும் இல்லை. இதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1892 முதல் இந்தக் குன்றில் தைப்பூசம் நடக்கிறது. இலட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர் யார், அன்னதானத்துக்கு அரிசி தருகிறவர் யார், எந்தக் குழு எந்த இடத்தில் நிற்கும் என்பதெல்லாம் பேசி முடிவாகிவிடுகிறது. இந்தச் சமூகத்துக்கு நிர்வாகம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கோயில் வளாகத்தைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டால், தெருவிளக்கு, குப்பை, கடை உரிமம், சாக்கடை, கட்டட அனுமதி எல்லாம் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. அந்தக் கழகத்தின் எந்த உறுப்பினருக்கும் நாம் ஓட்டுப் போட்டதில்லை.

1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. ஒரு மன்றத்தில் குறைந்தது 8, அதிகம் போனால் 24 உறுப்பினர்கள். அவர்களை நியமிப்பது மாநில அரசு. ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. நியமனம் பெற்றவர்களில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் வெள்ளம் பார்க்க வருகிற ஓர் உறுப்பினரை நம் வட்டாரத்திலேயே எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் பதவியில் நீடிப்பதை முடிவு செய்கிறவர்கள் அந்தத் தெருவில் இல்லை. கட்சி ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், கட்சி விரும்பினால் எழுந்துவிட வேண்டும்.

இதன் விளைவை தாமான் என்கிற ஒரு வீடமைப்புப் பகுதியில், ஒரு வீட்டு வரிசையின் பின்னால் போய்ப் பார்க்கலாம். நம் வீடுகளில் லோங்காங் என்று சொல்கிற சாக்கடை. அதன் கான்கிரீட் மூடி உடைந்திருக்கிறது. ஒரு பிள்ளை கால் வழுக்கி விழுந்து எழுந்த பிறகு அந்த வரிசையில் உள்ள ஓர் அக்கா படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே பெயர், அடையாள அட்டை எண், முகவரி எழுதிக் கொடுக்கிறார். அது கடிதமாகி நகராண்மைக் கழகத்துக்குப் போகிறது. பொறியியல் பிரிவு வந்து பார்த்து, இது வீட்டு மேம்பாட்டாளர் இன்னும் ஒப்படைக்காத பகுதி என்கிறது, அல்லது வடிகால் இலாகாவைக் கேளுங்கள் என்கிறது. ஒருநாள் மூடி மாற்றப்படுகிறது. பக்கத்தில் யாராவது நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அக்கா நன்றி சொல்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரி முடிவதற்குள்ளும் ஆகஸ்டு முடிவதற்குள்ளும், அவர் வீட்டு வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். தன் பணத்தில் போட்ட மூடிக்கு அவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் மக்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலை முடித்து வைத்தது. 1974-இல் தலைநகர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானபோது மாநிலச் சட்டமன்றமும் போயிற்று. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதோடு அங்குள்ளவரின் ஓட்டு முடிந்துவிடுகிறது.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. இந்த நாட்டில் மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது நாடாளுமன்றத்துக்கு அல்ல, நகராட்சிக்கு. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமான பிறகு அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவராக வந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன், ஒரு தமிழர், ஆசிரியர். தண்ணீர், மின்சாரம், பேருந்து எல்லாவற்றையும் அந்த மாநகர் மன்றமே நடத்தியது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நகராட்சியைப் பிடித்தது.

நகரங்களை விடுங்கள். கிராமங்களில் நடந்ததுதான் நம் பொருளுக்கு நெருக்கமானது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்கக் காலனி அரசு அறிவித்த அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரம் குடியிருந்த சுமார் ஐந்து இலட்சம் பேரை லாரிகளில் ஏற்றிக்கொண்டுவந்து முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் இறக்கினார்கள். பெரும்பாலோர் சீனர்கள். வேலிக்குள் அடைத்த மக்களை வெறும் காவலால் ஆள முடியாது என்பது காலனி அரசுக்குச் சீக்கிரமே புரிந்தது. 1952-இல் உள்ளூர் மன்றச் சட்டம் வந்தது. கிராமத்தார் தங்களுக்குள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கலாம், வரி போடலாம், சந்தைக்கும் சாலைக்கும் அந்தப் பணத்தைச் செலவிடலாம். இப்படியாக நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிராம மன்றங்கள் உண்டாயின. முள்வேலிக்குள் கிடைத்த உரிமைதான் என்றாலும் அது உரிமை. பள்ளிக்கூடத்துக்குக் கூரையா, சந்தைக்குத் தரையா, எது முதலில் என்று நூறு குடும்பங்கள் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளும் வாய்ப்பு அது. அந்தச் சண்டையில்தான் ஒரு சமூகம் பொதுப்பணத்தைக் கையாளக் கற்றுக்கொள்கிறது.

தோட்டத்துக்கு அது வரவில்லை. தோட்டம் தனியார் நிலம். அதன் சாலை கம்பெனியின் சாலை, லயம் கம்பெனியின் லயம், குழாய்த் தண்ணீர் கம்பெனியின் தண்ணீர். குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பின்னாளில் 1966-இலும் 1990-இலும் சட்டங்கள் வந்தன. அவையும் முதலாளியின் கடமையைச் சொன்ன சட்டங்கள்தான். லயத்துக் கூரை ஒழுகினால் தொழிலாளி முறையிட வேண்டியது எழுத்தரான கிராணியிடம், பிறகு மேலாளரான துரையிடம், மிஞ்சினால் தொழிலாளர் இலாகாவிடம். புதுக்கிராமத்துக்காரர் மன்றக் கூட்டத்தில் கை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், அடுத்த தோட்டத்துத் தமிழர் ஆபீஸ் வாசலில் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு நின்றார். இரண்டு சமூகங்களின் அரசியல் பழக்கம் வேறுவேறாகப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தோட்டத் தமிழருக்கு அந்த ஆசையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி கேட்டார்கள், அது எதிர்பார்க்கக்கூடியதுதான். அதோடு கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு முறையான பள்ளி கொடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வர விடு, பேசவும் கூடவும் விடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றும் கேட்டார்கள். இவற்றில் பலவும் ஓர் ஊராட்சி மன்றத்தின் நிகழ்ச்சிநிரலில் இருக்க வேண்டியவை. எந்தக் கடை எங்கே இருக்கலாம், ஊர்ச்சாலையில் யார் எப்படிப் போகலாம், ஊருக்குள் யார் வரலாம் என்ற கேள்விகள். அவற்றைத் தீர்த்துக்கொள்ள மன்றம் இல்லாததால் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். இராணுவம் வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள்.

கடலுக்கு அப்பால் இலங்கை மலையகத்திலும் இதே கதைதான், அங்கே அது சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டப்பகுதிகளில் சபை நிதியைச் செலவிட முடியாதபடி தடையாக நின்றது. லயத்தில் இருப்பவர் பிரதேச சபைக்கு ஓட்டுப் போடலாம், வெற்றி பெற்று உறுப்பினராகவும் உட்காரலாம், ஆனால் தான் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற பாதையைச் சபைப் பணத்தில் செப்பனிட முடியாது. 2018-இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் ஓடிய அநியாயம். மலையக மக்கள் அதை விடாமல் பேசினார்கள், அதனால் மாறியது.

மலாயாவில் தோட்ட மக்கள் தாங்களே ஆண்ட ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கூட்டுறவைச் சொல்லலாம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் குடும்பங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த வேளையில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால் வெட்டுகிறவர் தோட்டத்துக்குப் பங்குதாரரானார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. கைநாட்டு வைத்த பெண்களும் அதில் உறுப்பினர். பேராளர் தேர்வு, ஆண்டுக்கூட்டம், கணக்கு வாசிப்பு என்று எல்லாம் இருந்தது. கணக்கு வாசிக்கும்போது கேள்வி கேட்கலாம் என்பதைத் தோட்டத் தமிழர் பலர் அங்கேதான் முதலில் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பழக்கம் கூட்டுறவோடு நின்றுவிடாமல் ஊர் நிர்வாகத்துக்கும் வந்திருக்க வேண்டும். வருவதற்குள் கதவு மூடிவிட்டது.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வாக்குக் கொடுத்தார். அதே ஆண்டு, மன்றங்களின் நிர்வாகத்தை விசாரிக்க ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன், மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர்களில் ஒருவர், வழக்கறிஞர். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்றால் நம்மில் பலருக்கு உடனே நினைவு வரும்.

இந்த ஆணையத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அது அமைந்ததே சில மன்றங்களில் ஊழல் நடந்தது என்ற புகாரின்மேல். எனவே, தேர்தல் வேண்டாம், அதிகாரிகளே நடத்தட்டும் என்று ஆணையம் சொல்லும் எனப் பலர் எதிர்பார்த்திருக்கலாம். ஆதி நாகப்பன் குழு ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டது. குறைகளை மறைக்காமல் எழுதியது. எழுதிவிட்டு, குறைகளோடு இருந்தாலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே வேண்டும், வரி கட்டுகிறவருக்குப் பிரதிநிதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1968 இறுதியில் அறிக்கை முடிந்தது. அடுத்த ஆண்டு மே 13 இனக்கலவரம். அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தது 1971 இறுதியில். அரசு அந்த முதன்மையான பரிந்துரையை ஏற்கவில்லை. 1976-இன் சட்டம் ஊராட்சி மன்றத் தேர்தலை நிரந்தரமாக எடுத்துவிட்டது. இந்தோனேசியாவுடனான மோதல் முடிந்து அப்போதே பத்து ஆண்டு ஆகியிருந்தது. மலேசியாவின் ஊராட்சி வரலாற்றில் மிக நேர்மையான ஆவணத்தை எழுதியது ஒரு தமிழரின் தலைமையிலான குழு. நாம் எத்தனையோ பேருக்கு விழா எடுக்கிறோம். இந்த அறிக்கைக்காக அவரை நினைத்து ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்படாத மன்றத்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. 2007 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் ஒன்றை ஊராட்சி மன்றம் இடித்தது. அந்த மக்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வெளியேறி வந்து புறம்போக்கில் குடியமர்ந்தவர்கள். தோட்டத்தில் இருந்தவரை அவர்களை எட்டிப் பார்க்காத ஊராட்சி, முதல் முறை அவர்கள் வாசலுக்கு வந்தபோது மண்வாரி இயந்திரத்தோடு வந்தது. நவம்பர் 25 விடியற்காலையில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராபின் பேரணிக்குப் போகவிருந்தவர்கள் இந்தப் பத்துமலைக் கோயில் வளாகத்தில் கூடியிருந்தபோது கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. அன்று எழுந்த கோபத்துக்குப் பல ஊற்றுகள் உண்டு. ஆனால் அந்த இடிப்புத் தீர்மானம் எடுக்கப்பட்ட மேசையில் அந்தக் குடியிருப்பின் ஓட்டை எதிர்பார்த்து ஒருவர் உட்கார்ந்திருந்தால், இடிப்பதற்கு முன் இன்னும் இரண்டு முறையாவது பேசியிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2012-இல் இந்தக் குன்றின் அருகிலேயே 29 மாடிக் கட்டடம் எழும்பப் போகிறது என்று தெரிந்தபோது ஊர் திரண்டது. கோயில் நிர்வாகமும் இயற்கை ஆர்வலர்களும் ஒன்றாக நின்றார்கள். மாநில அரசு தலையிட்டுத் திட்டத்தை நிறுத்தியது. நல்லது. ஆனால் அனுமதி கொடுக்கப்பட்டது 2007-இல். ஐந்து ஆண்டு அந்தத் தகவல் கோப்பில் இருந்திருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமாக இருந்தால் எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவராவது மறுநாளே அதைக் கடைத்தெருவில் சொல்லியிருப்பார்.

ஊராட்சித் தேர்தல் வந்தால் இனப்பகை வளரும் என்று ஒரு வாதம் உண்டு. 2018 டிசம்பரில் அப்போதைய பிரதமர் துன் மகாதீரும் அதைச் சொன்னார். நகரங்களில் ஓர் இனமும் கிராமங்களில் ஓர் இனமும் ஆண்டால் பிளவு ஆழமாகும் என்ற அச்சம். அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் வரலாறு வேறு ஒன்றையும் காட்டுகிறது. 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில்தான் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் முதன்முதலாகக் கைகோத்து, 12 இடங்களில் 9-ஐ வென்றன. இந்த நாட்டை அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்ட கூட்டணி பிறந்தது ஓர் ஊராட்சித் தேர்தலில். சாக்கடைக்கும் சந்தைக்கும் ஓட்டுக் கேட்கப் போனபோதுதான் ஓர் இனத்தின் ஓட்டு மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரிந்தது. நம்மைப் போன்ற சிறுபான்மைக்கு இது இன்னும் பொருந்தும். நாடாளுமன்றத் தொகுதியில் நாம் சிதறிப்போகிறோம். ஒரு சிறிய வட்டாரத்தில் இருநூறு ஓட்டும் கேட்கப்படும் ஓட்டு.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறு ஒன்று. ஊராட்சி என்றாலே நியாயம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. தமிழ்நாட்டின் மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார், அவருடன் வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்து ஆண்டு தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. ஊரார் கையில் அதிகாரம் என்றால், ஊரில் ஏற்கெனவே யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் கைக்கு அது போகும் ஆபத்து உண்டு. உத்தரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை இருந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தச் சபையில் நிலமும் வேதக்கல்வியும் இல்லாதவருக்கு இடம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இதற்கு மருந்து ஒதுக்கீடும் மேலே இருந்து வரும் சட்டப் பாதுகாப்பும்தான், தேர்தலை நிறுத்துவது அல்ல. அந்த மூன்று ஊர்களிலும் 2006-இல் தேர்தல் நடந்தது, தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் தலைவரானார்கள். அரசு உறுதியாக நின்றதால் நடந்தது.

நல்லதும் நடந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை என்ற ஊராட்சி. 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் தலைவர். ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவினார்கள். ஊரின் தெருவிளக்குக்கும் தண்ணீர் ஏற்றுவதற்கும் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஒரு கிராம ஊராட்சி கடன் வாங்கி மின்சாரம் விற்பது எந்த அமைச்சகத்தின் திட்டத்திலும் இருந்ததில்லை. மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தைத் தின்பதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அந்த யோசனை வரும்.

அந்தத் தமிழ்நாட்டிலும் 2016-இலிருந்து 2019 இறுதிவரை ஊராட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அந்த உரிமை கிடைத்த இடத்திலும் காவல் காக்கப்பட வேண்டியிருக்கிறது. இங்கே பினாங்கு மாநிலம் 2012-இல் தனிச்சட்டம் இயற்றித் தேர்தல் நடத்த முயன்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. எனவே வழி நாடாளுமன்றத்தின் வழியாகத்தான். சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இன்றுள்ள 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவே, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்தவை என்கிறது. கோயிலுக்குப் பால்குடம் எடுக்க ஒரு தெருவே கிளம்புகிறது. மாதம் ஒருமுறை ஒரு தெருவிலிருந்து நான்கு பேர் நகராண்மைக் கழகக் கூட்டத்தில் போய் உட்காரட்டும். பேச அனுமதி இல்லாவிட்டாலும் எழுதிக்கொண்டு வரட்டும். வரவு செலவில் நம் தாமானுக்கு எத்தனை ரிங்கிட், எந்தப் பணிக்கு, யாருக்குக் குத்தகை என்று தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு மாரியம்மன் கோயில் அறிவிப்புப் பலகையிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் ஒட்டட்டும். கம்பத்திலும் பழைய குடியேற்றங்களிலும் உள்ள சமூகத் தலைவர்கள் நியமனம் பெற்றவர்களே ஆனாலும், ஆண்டுக்கு ஒருமுறை ஊரைக் கூட்டித் தங்கள் கணக்கை வாசிக்கலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

இந்த அறக்கட்டளையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆதி நாகப்பன் ஆணைய அறிக்கையின் சாரத்தைத் தமிழில் ஒரு சிறு நூலாகக் கொண்டுவாருங்கள், விலை ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் போகாமல். சட்டம் படித்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் மொழிபெயர்க்கட்டும், ஒரு தமிழாசிரியர் செப்பம் செய்யட்டும். அடுத்த தைப்பூசத்தில் தண்ணீர்ப்பந்தல் ஒன்றில் அது விற்பனைக்கு இருக்க வேண்டும். முதல் நூறு படிகளுக்கான அச்சுச் செலவை நான் தருகிறேன்.